கல்லூரியில் குற்றம் நடந்தால் துப்பறிய வேண்டியது மாணவனா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு. புராஜெக்டுக்கு 20 நிமிடத் தமிழ்க் குறும்படம் எடுக்க வேண்டும். ஸ்டூடியோவில் ஒரு மாணவி இறந்து கிடக்கிறாள், நான்கு நண்பர்கள் சேர்ந்து கொலையாளியைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது கதை. லெக்சரர் அதைப் படித்துவிட்டு, “சிங்கப்பூரில் இது நடக்காது” என்று ஒரே வரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் கல்லூரியை வைத்து வந்த நல்ல துப்பறியும் படங்களின் பட்டியல் வேண்டும் என்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு கேள்வி, பாட்டு வைக்கலாமா என்று. பட்டியல் தருவது சுலபம். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது உங்களை உறுத்துவது அது இல்லை என்று பட்டது. போலீஸ் என்று ஒன்று இருக்கும்போது மாணவனுக்கு அங்கே என்ன வேலை? லெக்சரர் கேட்டதும் அதைத்தான்.

நான் உள்ளூர்த் தொலைக்காட்சிக்குத் தமிழ் நாடகம் எழுதிப் பிழைப்பவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் சில காலம் பகுதிநேரமாகத் திரைக்கதை வகுப்பும் எடுத்திருக்கிறேன். ஒரு கதை எங்கே நிற்கும், எங்கே சரியும் என்பதைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேசுவேன். சட்டத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் எழுத்து வேலைக்காகத் தேடிப் படித்தது. படம் பிடிக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

லெக்சரர் சொன்னதில் பாதி சரி. நம் ஊரில் வளாகத்துக்குள் ஒரு சடலம் கிடந்தால், முதல் அரை மணி நேரத்திலேயே கதை மாணவர்கள் கையை விட்டுப் போய்விடும். அறை வாசலில் நாடா கட்டிவிடுவார்கள். கொலை என்று தெரிந்தால் குற்றப் புலனாய்வுத் துறை எடுத்துக்கொள்ளும். உடல் பிணவறைக்குப் போகும். போலீஸ் பொருத்திய கேமராக்கள் மட்டுமே தீவு முழுக்க 90,000க்கு மேல் இருக்கின்றன, வளாகத்தின் சொந்தக் கேமராக்கள் தனி. அதைவிட முக்கியமானது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424ஆம் பிரிவு. கொலை மாதிரியான கடுங்குற்றம் நடந்தது தெரிந்தும், தகுந்த காரணம் இல்லாமல் போலீஸிடம் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம். உங்கள் கதைச் சுருக்கத்தில் ஒருவன், “யாரிடமும் சொல்ல வேண்டாம், நாமே கண்டுபிடிக்கலாம்” என்கிறான் அல்லவா? அந்த வசனத்தோடு உங்கள் கதாநாயகர்கள் நான்கு பேரும் குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள். பார்வையாளருக்குச் சட்டப் பிரிவு தெரியாமல் இருக்கலாம். ஆனால் போலீஸின் அவசர எண் 999ஐ ஏன் அழைக்கவில்லை என்று இங்கே வளர்ந்த யாருக்கும் உடனே தோன்றும்.

மீதிப் பாதியில் அவரோடு நான் உடன்படவில்லை. ஏன் என்று சொல்ல நான் வாங்கிய ஒரு அடியைச் சொல்ல வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு நான்கு பகுதிகளில் ஒரு கல்லூரி மர்ம நாடகம் எழுதினேன். ஆய்வகத்தில் பூட்டி வைத்திருந்த மாணவர்களின் போட்டிக் கருவி ஒன்று காணாமல் போகிறது. மூன்று பகுதிகள் முழுக்க ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இடம் பார்க்க ஒரு வளாகத்துக்குப் போனபோது பாதுகாவலராக இருந்த பெரியவரிடம் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, அந்தக் கதவு அட்டையைத் தட்டினால்தானே திறக்கும்? யாருடைய அட்டை எத்தனை மணிக்குத் தட்டியது என்று எங்கள் கணினியில் இருக்கும். இவர்கள் எதுக்கு மூணு வாரம் தேடுறாங்க?” என்றார். என் நான்கு பகுதிக் கதை நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்வரை யாரோடும் பேசவில்லை.

அதைக் காப்பாற்றியது என் வகுப்பில் இருந்த ஒரு மாணவி. புலம்பலைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்: “சார், என் அட்டை எப்போதும் என்னிடம் இருக்காதே.” கேமரா, விளக்கு எல்லாம் அவள் பெயரில் பதிவாகியிருக்கும். அவளுக்கு வகுப்பு இருக்கும் நேரத்தில் குழுவில் யாராவது அட்டையை வாங்கிப் போய்ச் சாமான்களை எடுத்து வருவார்கள். செவ்வாய் மதியம் யார் போவார்கள், வியாழன் யார் என்பது அந்த ஐந்து பேருக்கும் மனப்பாடம். கணினிப் பதிவேட்டில் இருப்பது அட்டையின் பெயர், கதவைத் திறந்த கை யாருடையது என்று அதில் இல்லை. அந்தக் கை யாருடையது என்று போலீஸ் கண்டுபிடிக்க இருபது வாக்குமூலம் வேண்டும். கூடப் படிப்பவனுக்கு ஒரு நொடி போதும். மாணவனுக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல பதில் இதுதான். அவன் புத்திசாலி என்பதற்காக அவனைத் துப்பறிய வைக்காதீர்கள், அவனுக்கு மட்டும் தெரிந்த சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது என்பதற்காக வையுங்கள்.

இது வெறும் திரைக்கதைத் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 1924இல் சிகாகோவில் பணக்கார வீட்டு இளைஞர்கள் இரண்டு பேர், 14 வயதுப் பையன் ஒருவனைக் கடத்திக் கொன்றார்கள். இருவரும் படிப்பில் சூரப்புலிகள். பிடிபடாத கொலை ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கமே. சடலத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி விழுந்து கிடந்தது. அதன் கீல் அபூர்வமான வகை, அந்த ஊரில் மூன்றே பேருக்குத்தான் அப்படி விற்றிருந்தார்கள். ஒருவன் சிக்கினான். பறவை பார்க்க அந்தப் பக்கம் போனபோது விழுந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தான். அப்போது நாளிதழ் நிருபர்கள் இரண்டு பேர் செய்த வேலை இருக்கிறதே, அதை உங்கள் குழு முழுவதும் படிக்க வேண்டும். அவன் சட்டப் படிப்பு மாணவன். பரீட்சைக்காக நண்பர்களோடு சேர்ந்து படித்து, குறிப்புகளைத் தட்டச்சு செய்து பகிர்ந்துகொள்வான். நிருபர்கள் அந்தக் குழுவில் இருந்தவர்களைப் பிடித்துப் பழைய குறிப்புத் தாள்களை வாங்கினார்கள். பணம் கேட்டு வந்த மிரட்டல் கடிதமும் அந்தக் குறிப்புகளில் சிலவும் ஒரே தட்டச்சுப் பொறியில் அடித்தவை. அடுத்த ஆண்டு அந்த நிருபர்கள் இருவருக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், கொலை வழக்கை இறுக்கிய சாட்சியம் சக மாணவர்கள் மேசை இழுப்பறையில் கிடந்த பரீட்சை நோட்ஸ்.

ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ (1948) அந்த வழக்கின் நிழலில் எழுதப்பட்ட மேடை நாடகத்திலிருந்து வந்த படம். அதில் தட்டச்சுப் பொறியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கூடப் படித்தவனைக் கழுத்தை நெரித்துக் கொன்று ஒரு பெட்டிக்குள் வைத்து, அதன் மேலேயே விருந்துச் சாப்பாட்டைப் பரப்பி, அவன் அப்பாவையும் வருங்கால மனைவியையும் சாப்பிட அழைக்கிறார்கள். கொலையாளி யார் என்று முதல் நிமிடமே நமக்குத் தெரியும். துப்பறிபவர் போலீஸ் இல்லை, அவர்களுடைய பழைய ஆசிரியர். விருந்து முடிந்து கிளம்பும்போது வீட்டு வேலை பார்க்கும் அம்மா அவரிடம் தொப்பியை எடுத்துக் கொடுக்கிறார். போட்டால் பொருந்தவில்லை. கழற்றி உள்ளே பார்க்கிறார், வராமல் போன மாணவனின் பெயரெழுத்துகள். தடயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசிரியருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. உயர்ந்த மனிதர்களுக்குச் சாதாரண நீதி பொருந்தாது என்று வகுப்பில் விளையாட்டாகப் பேசியவர் அவரேதான். பையன்கள் கொலையில் தன் பாடத்தின் வாடை அடிப்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 80 நிமிடம், ஒரே வீடு, கொஞ்சம் ஆட்கள். குறும்படக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

அப்புறம் லால் ஜோஸ் இயக்கிய மலையாளப் படம் ‘கிளாஸ்மேட்ஸ்’ (2006). நம் பக்கத்தில் கல்லூரி மர்மத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கோட்டயம் சி.எம்.எஸ் கல்லூரியில் எடுத்தது. 1817இல் தொடங்கிய கல்லூரி, அந்த வராந்தாக்களே பாதி வேலையைச் செய்துவிடும். 1991இல் படித்தவர்கள் பதினைந்து ஆண்டு கழித்துப் பழைய விடுதியில் ஒன்றுகூடுகிறார்கள். அன்று இரவு ஒருவன் கிட்டார் தந்தியால் கழுத்து நெரிக்கப்பட்டு நினைவிழந்து கிடக்கிறான். யார் செய்தது என்று தேடப்போனால், படிக்கும்போதே இறந்துபோன ஒரு பாடகனின் கதைக்குள் போக வேண்டியிருக்கிறது. முடிவைச் சொல்லமாட்டேன், இவ்வளவு வருடம் ஆனாலும் அது துரோகம். ஆனால் ஒன்று சொல்லலாம். விடை தெரிந்த பிறகு படத்தை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அந்த ஆள் எத்தனையோ காட்சிகளில் நம் கண் முன்னாலேயே இருக்கிறார். நாம்தான் நாயகன், நாயகி, தேர்தல் சண்டை என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய வகுப்புத் தோழர்களும் அப்படித்தான்.

இதைத் தமிழில் ‘நினைத்தாலே இனிக்கும்’ (2009) என்று எடுத்தார்கள். மெக்கென்சி ரோடு ரெக்ஸ் தியேட்டரில் பார்த்தேன். பிருத்விராஜே தமிழிலும் நடித்தார், ‘அழகாய் பூக்குதே’ ஊரெல்லாம் ஒலித்தது. எனக்குப் பிடித்தது மலையாளம்தான், இதில் வாதம் செய்ய விரும்பவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது பதினைந்து ஆண்டு இடைவெளியை. வீட்டில் நடக்கும் கொலையில் சாட்சிகள் வீட்டிலேயே இருப்பார்கள். கல்லூரியில் மூன்று வருடத்தில் சாட்சிகள் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கலைந்துவிடுவார்கள். ஒவ்வொருவனும் தன் பங்குத் துண்டை மட்டும் எடுத்துப் போய்விடுகிறான், அது துண்டு என்றே அவனுக்குத் தெரியாது. மறுபடி கூட்டி வைத்தால்தான் படம் முழுசாகும். 20 நிமிடத்தில் பதினைந்து வருடத்தைக் காட்ட முடியாது, சரி. ஆனால் விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் என்று வைத்தால் அந்தக் கலைகிற பரபரப்பு உங்களுக்கும் கிடைக்கும்.

ஸ்பெயின் படம் ‘தெசிஸ்’ (1996) உங்கள் குழுவுக்கு நேரடியாகப் பேசும், ஏனென்றால் அது ஊடகம் படிக்கும் மாணவர்களின் கதை. வன்முறைக் காட்சிகளைப் பற்றி ஆய்வேடு எழுதும் பெண்ணின் கையில், நிஜமாகவே ஒரு பெண்ணைக் கொல்வதைப் படம்பிடித்த ஒளிநாடா சிக்குகிறது. இயக்குநர் அலெஹாந்த்ரோ அமெனாபாருக்கு முதல் முழுநீளப் படம். தான் படித்துப் பாதியில் விட்ட மாட்ரிட் பல்கலைக்கழகத் துறையையே களமாக வைத்தார். ஸ்பெயினின் சினிமா விருதுகளான கோயாவில் அந்த ஆண்டு ஏழு அதற்குத்தான். நாடாவில் ஜூம் ஆகும் விதத்தைப் பார்த்து, இது இன்ன மாடல் கேமரா என்று கூடப் படிப்பவன் சொல்லிவிடுகிறான். கருவி அறையில் காலம் கழித்தவனுக்குத்தான் அது தெரியும். இரத்தம் அதிகம், பலவீனமானவர்கள் தவிர்க்கலாம்.

தமிழில் நேரடியாகக் கல்லூரிக்குள்ளேயே மர்மம் நடக்கும் படங்கள் குறைவு. 2003இல் ஜேடி-ஜெர்ரி இயக்கத்தில் வந்த ‘விசில்’ மாணவர்கள் ஒவ்வொருவராகச் சாகும் வகை, ஒருமுறை பார்க்கலாம். ஏன் குறைவு என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம்தான். நம் சினிமாவில் கல்லூரி என்றால் காதல், கேலி, பாட்டு என்று வழக்கமாகிவிட்டது. இருட்டு வந்தால் அது ராகிங் வழியாகத்தான் வரும். அதற்கு நிஜக் காரணமும் உண்டு. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் அந்தத் தலைமுறைக்கு மறக்காது. நிஜமே அவ்வளவு கொடூரமாக இருந்தபோது புதிர் விளையாட யாருக்கும் மனம் வராமல் போயிருக்கலாம்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். கொலையை விட்டுவிடுங்கள் என்பது என் ஆலோசனை. லெக்சரருக்குப் பயந்து சொல்லவில்லை. கொலை இல்லாவிட்டால்தான் உங்கள் மாணவர்கள் கையில் வழக்கு தங்கும். ஒரு நிஜச் சம்பவம் சொல்கிறேன். 2016இல் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வில் ஒரு துணைப்பாட நிலையத்துக்காரர்கள் மாணவர்களுக்குத் தோல் நிறத்தில் காதுக்கருவி மாட்டிவிட்டார்கள். அவர்களுடைய ஆசிரியை ஒருவரே தனித்தேர்வராக உட்கார்ந்து, உடம்பில் ஒட்டி மறைத்த கைப்பேசி வழியாகக் கேள்வித்தாளை வெளியே காட்டினார். வெளியில் இருந்தவர்கள் விடையைக் காதில் ஓதினார்கள். இவ்வளவு தொழில்நுட்பமும் எப்படிக் கவிழ்ந்தது தெரியுமா? தேர்வறைக் கண்காணிப்பாளர் ஒருவருக்கு ஒரு மாணவனிடமிருந்து வினோதமான சத்தம் கேட்டது. காது கூர்மையான ஒருவர், அமைதியான அறை, அவ்வளவுதான். 20 நிமிடப் படத்துக்கு அந்த ஒரு காட்சி போதாதா?

இன்னொன்று, இந்த ஊரிலேயே நடந்து படமாகவும் வந்தது. 1992இல் சேண்டி டானும் அவர் தோழிகளும், எல்லாரும் மாணவப் பருவம், இங்கே தெருத்தெருவாக அலைந்து ஒரு படம் எடுத்தார்கள். அவர்களுக்குச் சினிமா சொல்லிக்கொடுத்த வெளிநாட்டு ஆசிரியர்தான் இயக்குநர். படப்பிடிப்பு முடிந்ததும் அந்த மனிதர் 70 படச்சுருள் பெட்டிகளோடு மாயமாகிவிட்டார். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, அவர் இறந்த பிறகு, சுருள்கள் கிடைத்தன. படம் அப்படியே இருந்தது, ஒலி மட்டும் இல்லை. ஏன் எடுத்துப் போனார் என்பதைத் தேடித்தான் 2018இல் ‘ஷர்க்கர்ஸ்’ என்ற ஆவணப்படத்தை சேண்டி டான் எடுத்தார், அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் இயக்கத்துக்கான விருதும் வாங்கினார். இதில் சடலம் இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் துப்பறியும் படம்தான். வழக்கை எந்தப் போலீஸும் அவர்களுக்காக முடித்துக் கொடுத்திருக்க முடியாது, ஏனென்றால் அவரை அருகில் இருந்து அறிந்தவர்கள் அவர்கள்தான்.

ஆகவே உங்கள் ஸ்டூடியோவில் இறந்து கிடக்கும் மாணவியை எழுப்பிவிடுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முதல் இரவு ஹார்ட் டிஸ்க் காணாமல் போகட்டும். அல்லது ஒரு குழுவின் காட்சி இன்னொரு குழுவின் படத்தில் வரட்டும். நான்கு நண்பர்கள் அதிகம், இரண்டு பேர் போதும். ஒருத்தி கண்டுபிடிக்க நினைப்பவள், மற்றவன் அவள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் பயப்படுபவன். கேமராப் பதிவை முதல் மூன்று நிமிடத்திலேயே காட்டிவிடுங்கள், பார்வையாளரின் சந்தேகம் அதோடு தீரட்டும். பதிவில் தெரிவது அட்டைக்குச் சொந்தக்காரி இல்லை, முகமூடியும் தொப்பியும் போட்ட யாரோ. அந்த நடையை அடையாளம் தெரிந்தவர் வளாகத்தில் ஒருவர்தான் என்று வையுங்கள். தினமும் அந்த வராந்தாவைத் துடைக்கும் ஆன்ட்டியாக இருக்கலாம், கேன்டீனில் மீ சியாம் விற்கும் மலாய் அம்மாவாக, அதாவது மக்சிக்காக இருக்கலாம். அவரிடம் யாருமே கேட்கவில்லை என்பதுதான் மர்மம் நீடிக்கக் காரணம். நான் சொன்ன அட்டை விஷயத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், என் நாடகத்தைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை.

வயதையும் பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் 17, 18, 19 வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். கதையைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினால், பையன்களில் பெரும்பாலோர் ராணுவம் மாதிரியான கட்டாயத் தேசிய சேவையை முடித்துவிட்டு 21 வயதில் உள்ளே வருபவர்கள். கூடப் படிக்கும் பெண்களைவிட இரண்டு வயது மூத்தவர்கள். பேச்சு, பயம், அதிகாரத்துக்குப் பணியும் விதம் எல்லாமே மாறும். இந்த வித்தியாசத்தைத் தமிழ்நாட்டுப் படங்களில் கற்றுக்கொள்ள முடியாது, உங்கள் அண்ணன்மாரிடம் பேசித்தான் வாங்க வேண்டும்.

பாட்டு. 1954இல் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தபோது ஒரு பாட்டுகூட வைக்கவில்லை. ஒரு கொலை, பல சந்தேக நபர்கள், ஒவ்வொருவர் சொல்லும்போதும் கதை வேறு பக்கம் சாயும். நடுவில் பாட்டு வந்தால் அந்தச் சாய்வு கலைந்துவிடும். அதற்காகப் பாட்டே கூடாது என்று இல்லை. உங்கள் கதையில் காணாமல் போன ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஒரே முக்கியமான பொருள் யாரோ பதிவுசெய்த ஒரு பாட்டாக இருந்தால், கடைசி நிமிடத்தில் அது ஒலிக்கட்டும். வேறு யாருடைய பாட்டையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், உரிமைத் தொல்லை. வகுப்பில் பாடத் தெரிந்த யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.